ஈடாக நின்றவன் எழுதுவது

இஞ்சேரும், என்னுடைய பாஸ்போர்ட் இன்று காலையில் கொழும்பிலிருந்து வந்தது. கூரியர்காரர் கேற்றடியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். உறையைக் கிழித்தேன். உள்ளே விசா ஒட்டியிருந்தது. வாசிக்க முதல் மணந்துதான் பார்த்தேன். உம்முடையது வந்த நாளில் நீர் செய்த வேலை அது. ஒட்டிய பக்கத்தை மூக்கில் வைத்து, பிறந்த பிள்ளையின் தலையை மணப்பதுபோல மணந்துவிட்டு, "இஞ்சேருங்கோ, பள்ளிக்கூடப் புதுப் புத்தகம் மாதிரி மணக்குது" என்றீர். "விசாவை மணந்து பாக்கிற பொம்பிளையை இப்பதான் காணுறன்" என்று நான் சிரித்தேன். இன்று பக்கத்தில் நின்று சிரிக்க ஒருவரும் இல்லை. அதே பசை மணம். பாஸ்போர்ட்டை மேசையில் வைத்துவிட்டேன்.

முதல் முறை நாங்கள் இரண்டு பேருமாகத்தானே கேட்டோம். கனடாவில் மகளுக்குத் தலைப்பிள்ளை. தாய் பக்கத்தில் நிற்க வேண்டாமா? பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில மாதத்துக்கு விசா கொடுக்கிறார்கள் என்று அவள் சொன்னாள். கேட்டோம். போனால் திரும்பி வருவோம் என்ற நம்பிக்கை தங்களுக்கு இல்லை என்று பதில் வந்தது. நீர் கொதித்துப்போனீர். "என்ர வீட்டையும் ஆட்டையும் விட்டிட்டு அந்தக் குளிருக்குள்ள நிக்க எனக்கென்ன விசரே?" என்று, விசா கொடுக்கிறவன் முன்னால் நிற்பதுபோலக் கையை நீட்டி நீட்டிப் பேசினீர். முற்றத்தில் நின்ற ஆடுகள்கூட ஒதுங்கிப் போயின.

மன்னார் ரவுணில் விசா வேலை செய்து கொடுக்கிறவர்தான் வழி சொன்னார். "புருசன் பெண்சாதி சேர்ந்து கேட்டா, அங்கயே இருந்திடுவினம் எண்டு நினைப்பாங்கள். அம்மா தனியக் கேக்கட்டும். ஐயா இஞ்ச நிண்டாத்தான் அம்மா திரும்பி வருவா எண்டு நம்புவாங்கள்."

"அப்ப நான் ஈடு" என்றேன். நீர் விடுவீரா? பஸ்ஸில் வரும்போது ஆட்களுக்குக் கேட்கவே, "உங்களை ஈடு வைச்சிட்டுப் போறன். வந்து மீக்கிறன். அதுவரைக்கும் துருப்பிடிக்காமல் இருங்கோ" என்றீர். முன் சீட்டில் இருந்த பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மடு மாதா கோயிலுக்குப் போய் நேர்ந்ததும் அந்தக் கிழமைதான். விசா கிடைத்தால் மடுச் சந்தியில் இறங்கி, கோயில் வரைக்கும் இருவரும் செருப்பில்லாமல் நடந்து வருவோம் என்று மாதாவுக்கு முன்னால் நீர் சொன்னீர், நான் தலையாட்டினேன். விசா கிடைத்தது. உடனே நடப்போம் என்றேன். "போயிட்டு வந்து நடப்பம். கால் வீங்கினா பிளேனுக்குள்ள எப்பிடி இருக்கிறது?" என்றீர். பிள்ளை பெறப் போகிறவளுக்குச் சரக்குத்தூளும் கருவாடும் கட்டிக்கொண்டிருந்த உம்மோடு யார் வாதாடுவது? இப்போதுதான் யோசிக்கிறேன். நாங்கள் விசாவை மட்டும்தான் கேட்டோம். போகிறவர் திரும்பி வர வேண்டும் என்று கேட்கவில்லை. அது கேட்க வேண்டிய ஒன்றாக எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. மாதாவும் கேட்டதைத் தந்துவிட்டார்.

போன பிறகு நாள்தோறும் போனில் உம்முடைய முகம். "இஞ்ச வெயில் எறிக்குது, ஆனா சுடேல்லை. என்ன கோதாரி வெயிலோ" என்பீர். பேத்தியைக் காலில் கிடத்திக் குளிக்க வார்ப்பதைக் காட்டுவீர். கேட்டால் விசாவைக் கூட்டித் தருவார்கள், இன்னும் கொஞ்சம் நில்லுங்கோ என்று மகள் கெஞ்சினாள். நீர் அசையவில்லை. "நம்பித் தந்தவங்கள். நாள் தாண்டி நான் நிக்கமாட்டன். அங்க அந்த மனுசன் கருவாட்டையும் சோத்தையும் திண்டுகொண்டு கிடக்குது" என்று எனக்குக் கேட்கவே அவளிடம் சொன்னீர்.

திரும்பி வரப் பெட்டி அடுக்கத் தொடங்கிய கிழமையில், பேத்தியின் உடுப்பை மடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தீராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதல் எல்லாம் முடிந்துவிட்டது.

உம்மை இங்கே கொண்டுவருவதா, அங்கேயே அடக்குவதா என்று மகள் அழுதழுது கேட்டாள். "நான் வாறன், அதுவரைக்கும் வைச்சிரு" என்றேன். அவசரமாகக் கேட்டும் எனக்கு விசா வரவில்லை. கைக்குழந்தையோடு நிற்கிறவளை இதற்கு மேல் அலைக்கழிக்க மனம் வரவில்லை. அடக்கச் சொன்னேன். போனில்தான் பார்த்தேன். பனி, கறுப்புக் கோட்டுகள், யாரோ ஒருவரின் முதுகு. மண் போடுகிற நேரம் பார்த்துப் படம் அப்படியே நின்றுவிட்டது. நான் உமக்கு மண் போடவில்லை. நீர் மண்ணுக்குள் போனதை என் கண் காணவுமில்லை. அதனாலோ என்னவோ, நீர் இந்த வீட்டை விட்டு இன்னும் போகவில்லை.

பின்னேரம் செபமாலை சொல்லும்போது முதல் பாதி என்னுடையது, மறுபாதி உம்முடையது. கல்யாணம் முடித்த நாளிலிருந்து அப்படித்தான். தனியாகச் சொல்கிறவன் முழுவதையும் தானே சொல்ல வேண்டும். எனக்கு வரவில்லை. என் பாதி முடிந்ததும் வாய் தானாக நிற்கிறது. அப்போது நீர் சமைக்கிற குசினிப் பக்கமிருந்து மறுபாதி வருகிறது. காற்று என்று சொல்லிப் பார்த்தேன். உம்மைப்போல அவசரப்பட்டுக் கடைசிச் சொல்லை விழுங்கக் காற்றுக்குத் தெரியுமா? ஒருநாள் அடுத்த வீட்டு மலர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணை, ஆர் வந்து நிக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. செபம் சொல்லுறன்."

"ரெண்டு குரல் கேட்டமாதிரி இருந்துது" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பயமில்லை என்று பொய் சொல்லமாட்டேன். உடம்பெல்லாம் கூசுகிறது. ஆனால் ஒரு பின்னேரம் அந்தக் குரல் வராமல் விட்டால் என்ன செய்வேன் என்ற பயம் அதைவிடப் பெரிது.

மகள் விடவில்லை. "அம்மான்ர கல்லறையை ஒருக்கா வந்து பாருங்கோ அப்பா" என்று நாள்தோறும் அழுகை. மறுபடி அதே விசாக்காரரிடம் போனேன். கொம்பியூட்டரில் தட்டிக்கொண்டே, "திரும்பி வாறதுக்கு இஞ்ச ஆர் இருக்கினம் ஐயா?" என்று கேட்டார்.

"மனுசி இருக்கிறா" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. அவருடைய விரல்கள் நின்றன. பிறகு, "வீடு, காணி எண்டு போடுறன் ஐயா" என்று மெல்லச் சொன்னார்.

உண்மையைச் சொன்னால், இந்த விசா கிடைக்கக்கூடாது என்றுதான் இருந்தேன். ஈடு வைத்தது எழும்பிப் போய்விட்டால், மீட்க வருகிறவர் எங்கே தேடுவார்? நான் இல்லாத வீட்டில் மறுபாதியை யாருக்குச் சொல்வீர்? நான் கடலுக்குப் போன காலமெல்லாம், வள்ளம் கரை தட்டும் மட்டும் நீர் கரையில் நின்றீர். ஒரு நாளாவது நான் வர முதல் வீட்டுக்குத் திரும்பினீரா? இப்போது காத்து நிற்பது என் முறை. எப்படி இடத்தை விட்டுப் போவேன்?

பாஸ்போர்ட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மடுச் சந்தியில் இறங்கிச் செருப்பைக் கையில் எடுத்தேன். தார் கொதித்தது. நிழல் விழுந்த பக்கத்தை உமக்கு விட்டுவிட்டு வெயிலோரமாக நடந்தேன். சைக்கிளில் போன ஒருவர் நின்று, "ஏன் ஐயா, நிழலுக்கால நடவுங்கோ" என்றார். "ஓம் ஓம், நீங்கள் போங்கோ" என்று அனுப்பிவிட்டேன். அவருக்கு என்ன சொல்வது? காலில் கொப்புளம் வந்துவிட்டது. இந்த மடலைக் கோயில் வளவு மரத்தடியில் இருந்துதான் எழுதுகிறேன். மாதாவிடம் இந்த முறை ஒன்றையும் விடாமல் கேட்டேன். போகவும் வேண்டும், வரவும் வேண்டும், வரும்போது இரண்டு பேராக வர வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டேன்.

ஆகவே, மீட்க நானே போகிறேன். நீர் திரும்பி வரமாட்டீர் என்று விசா கொடுக்கிறவர்கள் பயந்தார்களே, அவர்கள் பயந்ததுதான் நடந்திருக்கிறது. நாள் தாண்டி நிற்கமாட்டேன் என்றவர் பனிக்குக் கீழே கிடக்கிறீர். கல்லறையடிக்கு வந்ததும் மகளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்வேன். அழமாட்டேன், கனக்கக் கதைக்கவும் மாட்டேன். உம்முடைய தலைமாட்டில் குனிந்து, உமக்கு மட்டும் கேட்கச் சொல்வேன்:

"இஞ்சேரும், விசா முடிஞ்சு கனகாலம். எழும்பும், வீட்ட போவம்."