விதானையாரின் நியமனமும் என் ஆட்சேபமும்

1986 பெப்ரவரி 1, சனி. வைலே, டென்மார்க்.
பனி. தமிழ்ச் சங்கச் செயற்குழு இன்று ஒரு வரலாற்று முடிவை எடுத்தது: சப்பாத்துகளைக் கதவுக்கு வெளியே அல்ல, உள்ளே கழற்றுவது. ஆதரவு ஐந்து, எதிர்ப்பு மூன்று. இரண்டு மணி நேர விவாதம்.

அடுத்த விடயம் ஐந்து நிமிடம். தலைவர் இராசையா அண்ணை தம் ‘அமைச்சரவை’யை விரிவாக்குகிறார். குடும்ப இணைவுப் பொறுப்பாளராக விதானையார். ஊரிலிருக்கும் மனைவி பிள்ளைகளை அழைக்கும் விண்ணப்பங்கள் இனி அவர் கையால் மட்டுமே. 15ஆம் திகதி பொதுச்சபை வாக்கெடுப்பு. என் மனைவி வசந்தாவும் மகளும் இன்னும் ஊரில்.

பெப். 3, திங்கள்.
தொழிற்சாலை. விரல் விறைப்பு. விதானையார் எங்கள் ஊர்க் கிராமசேவகராக இருந்தவர். ஒருநாள் அவரைக் கண்டும் என் தம்பி மரியாதைக்குச் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. அவனது அடையாள அட்டை விண்ணப்பம் அவர் மேசையில் ஏழு மாதம் கையெழுத்தில்லாமல் கிடந்தது. அட்டை இல்லாததால் இராணுவச் சோதனைச் சாவடியில் பிடிபட்டான். பிறகு தகவல் இல்லை.

பெப். 5, புதன்.
தலைவர் வீடு. தம்பியின் கதையைச் சொன்னேன்.
“தெரியும் ஐசே. பதினெட்டு வருச சேவை. இஞ்ச வேற ஆருக்கு உந்த அனுபவம்?”
“அந்த அனுபவம்தான் அண்ணை பயமாக் கிடக்கு.”
“அப்ப எழுத்தில தாரும்.”
குசினியிலிருந்து அவர் மனைவி: “நான் வந்து சேர்ந்திட்டன் எண்ட துணிவில கதைக்கிறார். நீங்கள் எழுதுங்கோ தம்பி.”

பெப். 6, வியாழன்.
மூன்று பக்கம். பதினொரு வருடம் அரசாங்க எழுத்தராக இருந்த கை. மேலே தானாகவே எழுதியது: ‘செயலாளர் ஊடாகத் தலைவருக்கு’. செயலாளருக்குப் பதிலாக இப்போது இருப்பவர் விதானையார். அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன்.
“கவனமாப் பாப்பம் தம்பி.”
திரும்பும் பஸ்ஸில்தான் விளங்கியது.

பெப். 15, சனி.
பொதுச்சபை. தலைவர்: “எழுத்துமூலம் ஆட்சேபம் ஏதும்?”
விதானையார் எழுந்தார். “ஒண்டு வந்தது. பரிசீலனையில இருக்கு.”
நானும் எழுந்தேன்.
“இரும் ஐசே. பரிசீலனையில இருக்கிறதைச் சபையில கதைக்கேலாது.”
பின்வரிசையில் யாரோ: “டெனிஷ்காரர் இவையிட்டைப் படிக்கவேணும்.” சிரிப்பு.
எதிர்த்து ஒரு கை. என்னுடையது. கூட்டக் குறிப்பில் ‘ஏகமனதாக’.
இன்று தம்பிக்கு இருபத்து மூன்று வயது. இருந்தால்.

பெப். 17, திங்கள்.
உறைபனி. வசந்தாவின் விண்ணப்பம், விவாகப் பதிவு, மகளின் பிறப்புச் சான்றிதழ், படம் நான்கு. விதானையாரிடம் கொடுத்தேன்.