அரிசி டப்பாவில் ஒரு கண்ணாடி

என் தங்க மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். நீ முதலில் கேட்பது அதைத்தான், அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன். மாத்திரையும் விடவில்லை.

அப்பாவோடு பேட்டரி கம்பெனியில் ஈயம் உருக்கிய நெட்டை மாமா நேற்று வந்தார். அப்பா இல்லாத வீட்டுக்குள் வர மனசு வரவில்லை போலிருக்கிறது, வாசலிலேயே நின்றார். சின்ன வயசில் வேலை விட்டு வரும் அப்பாவைக் கட்டிக்கொள்ள நீ ஓடி வருவாயே, அவர் ஈயத் தூசி, தொடாதே தொடாதே என்று இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு குளிக்க ஓடுவாரே, அதைத்தான் பேசினோம். போலீசைப் பாத்த திருடன் மாதிரில்ல ஓடுவான் என்று மாமா சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அத்தனை குளித்தும் அப்பா ரத்தத்தில் ஈயம் ஏறித்தானே போனார்.

நீயே செய்து அனுப்பிய, வெயிலில் கரண்ட் எடுக்கும் கண்ணாடி நன்றாக இருக்கிறது. ஜன்னலில் வைத்தால் அதில் மாட்டிய குட்டி விசிறி சுற்றுகிறது. ஈரம் ஆகாது என்றாயே, மழை வந்தால் எடுத்து அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிடுவேன். செம்பு, துத்தநாகம், தகரம் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத தூளாக்கி ஒருவகைப் பிளாஸ்டிக்கோடு சேர்த்தது, மண்ணில் தாராளமாகக் கிடைப்பது, விஷம் கிடையாது என்று நீ சொன்ன தைரியம்தான். பக்கத்து வீட்டுக்காரி, கரண்டையே பொங்கிப் போடப் போறியாக்கா என்று கேலி செய்கிறாள்.

போனில் நீ அழுதது காதிலேயே நிற்கிறது. அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்தால் இரண்டு மடங்கு கரண்ட் வரும், கலக்க மாட்டேன் என்றால் ஆராய்ச்சியை நிறுத்திவிடு என்று உங்கள் புரொபசர் சொல்லிவிட்டாராமே. அப்பா இருந்தால் அவரைக் கேட்டிருப்பேன் என்றாய். எனக்கு என்ன தெரியும்? வெளியே கசியாமல் மூடிவிடலாம் என்கிறார், படித்தவர், அது உண்மையாகவே இருக்கும். ஆனால் மூடுவதற்கு முன்னால் ஒருவன் கையால் தொட வேண்டும், உடைந்த பிறகு குப்பையில் ஒருத்தி அதைப் பொறுக்க வேண்டும். அவர்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை வாசலுக்கு ஓடி வரும், இல்லையா?

என் விசிறி மெதுவாகத்தான் சுற்றுகிறது. எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை.

நீ எந்த முடிவு எடுத்தாலும் என் மகள்தான். நல்லா இரு கண்ணே, நேரத்துக்குச் சாப்பிடு. அடுத்த கண்ணாடி அனுப்பும்போது இதை மட்டும் மறக்காமல் எழுது: அதையும் அரிசி டப்பாவில் வைக்கலாமா?

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா