மூன்றாம் பக்கத்தில் இருந்தது

திங்கள் 8
விடாத மழை. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் புதுத் தராசு. எடை இனி நோட்டில் இல்லை, போனில். அதுவும் என் சொந்தப் போனில். ஆபீஸ் வைஃபையில் சேர கம்பெனி ஆப் போட வேண்டுமாம். ஆங்கிலத்தில் நான்கு பக்கம். "சும்மா ஒரு சைன்தான் மிஸ்" என்றார் கொழும்பிலிருந்து வந்த கம்ப்யூட்டர்காரர். போட்டேன்.

வெள்ளிக்கிழமை ஹட்டன் போக வேண்டும், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு. குவைத்தில் தங்கச்சி சுமதியை வேலைக்கு வைத்திருக்கும் மேடம் மேல் முறைப்பாடு. கொண்டுபோக:
சுமதி அடையாள அட்டை (ஐ.சி.) நகல்
அக்ரிமெண்ட் போட்டோ
கையில் மேடம் அயன் பெட்டியால் சுட்ட காயம், போட்டோ
கடைசி இரண்டும் போனில். நாளை பிரிண்ட்.

செவ்வாய் 9
மழை. பிரிண்ட் கடைக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவின் போன் தண்ணீரில் விழுந்து செத்தது. "மக டுபாயிலருந்து எடுப்பா. ஒம் போன்ல என் சிம்ம போட்டுக் குடேன்மா." எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யார் போனில் யார் சிம் இல்லை?

போட்டு ஐந்து நிமிடம். திரை கறுத்தது. பிறகு கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரி வெறும் போன். ஒரு படம் இல்லை. செல்வி அக்காவை வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

புதன் 10
கம்ப்யூட்டர்காரருக்குப் போன் எடுத்தேன்.
"சிம் மாறினா போன் களவு போச்சுன்னு சிஸ்டம் நெனைக்கும் மிஸ். தானா அழிச்சிரும். மூணாவது பக்கத்துல இருக்கு."
"என் தங்கச்சி போட்டோ?"
"அது உங்க பர்சனல். அத நாங்க எடுத்து வைக்கிறதில்ல. கொழுந்து எடையெல்லாம் பத்திரமா இருக்கு, பயப்படாதீங்க."

என்னுடையதை எடுத்து வைக்க மாட்டார்களாம். அழிக்க மட்டும் உரிமையாம்.  சுமதியைத் திரும்ப அனுப்பச் சொல்லலாம், ஆனால் அவளாக எடுத்தால்தான் பேச முடியும்.

வியாழன் 11
காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் எல்லோர் முன்னாலும் தோட்டத்துத் துரை கேட்டார். "ஆப் திரும்பப் போட்டாச்சா?"
"ஆபீஸ் வேலைக்கு ஆபீஸ் போன் குடுங்க சார். இது என்னோடது."
எடையைப் பழைய நோட்டில் எழுதினேன். எச்சரிக்கைக் கடிதம் வருமாம். வரட்டும்.

பைப்படியில் செல்வி அக்கா. தலை குனிந்தே தண்ணீர் பிடித்தாள். சிம்மைக் கழற்றியது அவள் இல்லை. என் சேலை ஊக்கால் நானே குத்திக் கழற்றினேன். அதை அவள் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. அதற்கும் கோபம் வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

வெள்ளி 12
மழை இல்லை. ஹட்டன். "ஆதாரம் இல்லாம நாங்க என்ன செய்ய? போட்டோவ எடுத்துக்கிட்டு வாங்க." பணியகத்தில் இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது சுமதியிடமிருந்து போன். யாருடைய போனோ. கிசுகிசுப்பாகப் பேசினாள்.
"அக்கா, அனுப்புனதெல்லாம் வச்சிருக்கீங்கல்ல? மேடம் போன நோண்டுறாங்க, இங்க எல்லாத்தையும் அழிச்சிட்டேன். காயமும் ஆறிடுச்சு."

இருக்கு என்றேன்.