உருண்டையில் நின்ற விரல்

பிரியமான என் வீட்டுக்காரருக்கு,

கர்த்தர் கிருபையில் சுகமாக இருக்கிறேன். தறிக்குழியில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த உங்கள் முட்டிவலி குறைந்ததா? பிள்ளைகள் சாப்பிடுகிறார்களா?

மஸ்கட்டில் நான் குழந்தை பார்த்துக்கொள்ளும் தமிழர் வீட்டில் வெள்ளிதோறும் மிஷனரி ஜெபம். பெரிய பையன் உலக உருண்டையைச் சுற்றுவான். அவன் விரல் நிற்கும் நாட்டுக்காகக் குடும்பமே ஜெபிக்கும். போன வாரம் எத்தியோப்பியாவில் நின்றது.

"சிலுவையப் பத்தியே கேள்விப்படாத ஜனங்கப்பா" என்று ஐயா கண்ணீர் விட்டார். அப்போது டீத் தட்டோடு வந்து நின்றவள் சமையல்காரி அல்மாஸ். அவள் ஊரே எத்தியோப்பியாதான். நெற்றியில் சிலுவையைப் பச்சை குத்தியிருக்கிறாள். அம்மா ஒரு கண்ணைத் திறந்து, "ஷுகர், ஷுகர்" என்று சர்க்கரை எடுத்துவர அவளை விரட்டிவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழந்தையின் தலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அழுகைக்கு இந்த வீட்டில் பஞ்சமே இல்லை. ஆனால் ஒருநாளும் அவளை ஜெபத்தில் உட்காரச் சொன்னதில்லை.

ஊரிலிருந்து யாராவது வந்தால் காஞ்சிபுரம் இட்லிக்குச் சுக்குப்பொடி கொடுத்தனுப்புங்கள். இவர்கள் இட்லி வாயில் வைக்க வழியில்லை.

குழந்தை எழுந்துவிட்டது. இனி நம் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் நாடு நாடாகப் போகவேண்டாம். அல்மாஸ் என்று பேர் சொல்லி ஜெபியுங்கள். என்னையும் பேர் சொல்லியே.

உங்கள் பியூலா