முளைக்கும் பல்

தூக்கத்தைத் தேடித் தன் அக்கா வீட்டுக்குப் போன என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் நம் வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்ததும், பக்கத்து வீட்டு அம்மா நம் மகளை உங்கள் கையில் கொடுத்துவிட்டுத்தான் இந்தக் கடிதத்தையும் நீட்டியிருப்பார். நான் இப்போது மொத்தச் சந்தைக்குப் போகும் பேருந்தில் இருப்பேன். இலை உதிரத் தொடங்கிவிட்டது; இனித் தாமதித்தால் கம்பளி விலை எகிறிவிடும். நாளைச் சாயங்காலம்தான் திரும்புவேன்.

கோடையில், பிள்ளை ராத்திரியெல்லாம் அழுகிறாள் என்று, "மனுசன் தூங்க வேணாமா? நீதான் கெட்டிக்காரியாச்சே, சமாளிச்சுக்க" என்று பெட்டியைத் தூக்கினீர்கள். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டுதான் இத்தனை மாதமும் கடை நடத்தினேன்.

போன வாரம் போனில் குழைந்தீர்கள். "பாப்பா இப்ப ராத்திரியில அழறதில்லையாமே? வந்துடட்டுமா?"

"பூனைக்குட்டி மாதிரி தூங்குறா. தாராளமா வாங்க" என்றேன்.

அது பொய்யில்லை. ஆனால் ஓட்டைக் கம்பளியைக்கூட ஓட்டையைக் காட்டி விற்கிறவள் நான், உங்களிடம் ஒன்றை மறைத்தேன். அவள் ஈறு அப்போதே வீங்கியிருந்தது. இரண்டு பல் சேர்ந்தாற்போல் வருகிறது. கீழே விட்டால் அழுது தெருவையே கூட்டுவாள். தூக்கினால் தோளைக் கடிப்பாள்.

பால் புட்டி அடுப்படியில் இருக்கிறது. கடிக்கச் சுத்தமான ஈரத்துணி கொடுங்கள். பக்கத்து வீட்டு அம்மாவைத் தேட வேண்டாம். அவர் இந்நேரம் மகன் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்.

மறுபடி அக்கா வீட்டுக்கு ஓடத் தோன்றினால் ஓடுங்கள், நான் தடுக்கவில்லை. இந்த முறை அவளையும் தூக்கிக்கொண்டுதான் ஓட வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகளைப் பெற்றவள்