சிவப்பு விளக்கின்மேல் ஒரு பொட்டு

அக்கா,

உங்கள் ஊருக்கு வர கோம்பை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவன், இறங்கி வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டேன். ஆம்ப்ளிஃபயர் பிளக்கைப் பிடுங்கினேனா இல்லையா என்று சந்தேகம். பிடுங்கித்தான் இருந்தது. ஆனாலும் மனசு கேட்காமல் பெட்டியின் மேல்தகட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். முன்பக்கத்துச் சிவப்பு விளக்கின்மேல் நீங்கள் ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டு, ஓரம் வெளுத்து இன்னும் அப்படியே இருந்தது.

உங்கள் வீட்டின் பின்கட்டில் நாங்கள் குடியிருந்தபோது இரண்டு குடும்பத்துக்கும் ஒரே மீட்டர். வாடகையோடு கரண்டுக்கென்று ஒரு தொகை கொடுத்துவிடுவேன்; அதற்குமேல் எவ்வளவு ஏறினாலும் உங்கள் தலையில். அந்தத் தைரியத்தில், காலையில் பாட்டுக் கேட்டுவிட்டு டேப்பை மட்டும் நிறுத்துவேன். ஆம்ப்ளிஃபயர் பகலெல்லாம் ஓடிக்கொண்டே கிடக்கும். செட் சூடாக இருந்தால்தான் சத்தம் சுத்தமாக வரும் என்று ஒரு வியாக்கியானம் வேறு வைத்திருந்தேன்.

ரீடிங் எடுக்க ஆள் வரும் நாள் நெருங்கினால் மீட்டருக்குள் சுற்றும் சக்கரத்தைப் பார்த்தபடி நீங்கள் அதன் அடியிலேயே நிற்பீர்கள்.

"எல்லாத்தையும் அமத்திட்டேன் தம்பி, சக்கரம் நிக்க மாட்டேங்குதே. ஒங்க பொட்டியில எரியிற செவப்பு லைட்டா இருக்குமோ?"

"அது கடுகளவுதான்க்கா" என்று சிரித்தேன். மறுநாள் பொட்டோடு வந்து விளக்கின்மேல் ஒட்டினீர்கள். "இனி கரண்டு குடிக்காதுல்ல?" என்று கேட்டீர்கள். வெளிச்சத்தை மறைத்தால் ஒன்றும் நிற்காது என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். சொன்னால் கரண்டுப் பணத்தைக் கூட்டிக் கேட்பீர்களே என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்தத் தடவை பில் எகிறியது. ஏலத்தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்த உங்கள் வீட்டுக்காரர் மலையிலிருந்து இறங்கி வந்து கரண்டு கார்டைப் பார்த்தார். "நான் அங்கன குளுருல சாகுறேன், இங்கன நீ சுச்சப் போட்டுட்டு உக்காந்திருக்கியா?" என்று கத்தி, கிரைண்டரைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டார். மறுநாளிலிருந்து ஆட்டுக்கல் ஓடும் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டது. அந்த மாவில் வெந்த இட்லி, பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த என் மனைவிக்கும் வந்தது.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு மாமனார் வீட்டில் போய் எட்டு நாள் தங்கினோம். கோடை இடிக்குப் பயந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போயிருந்தேன். திரும்பி வந்ததும் வாசலிலேயே குரலைத் தணித்துச் சொன்னீர்கள்.

"நீங்க இல்லாத எட்டு நாளும், எல்லாத்தையும் அமத்துனா சக்கரம் அசையாம நின்னுச்சு தம்பி."

அவசரமாகக் கேட்டேன். "அண்ணன்கிட்ட சொல்லிட்டீகளாக்கா?"

"சொன்னா காலி பண்ணச் சொல்லிருவாக. வயித்துப்புள்ளக்காரியக் கூட்டிக்கிட்டு எங்கன போவீக? பேசாமப் பிளக்கப் புடுங்கி வைங்க, போங்க."

அன்றிலிருந்து பிடுங்கி வைத்தேன். யூனிட்டும் குறைந்தது. "பாத்தியா, கிரைண்டர நிப்பாட்டுனதும் கொறஞ்சிருச்சு" என்று அவர் முடிவுகட்டிவிட்டார். எனக்கு மாற்றல் வந்து தேனிக்குக் கிளம்பிய அன்றுகூட நீங்கள் ஆட்டுக்கல்லின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தீர்கள்.

உங்கள் சாவுக்கு வந்தபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஒரு கொறை சொல்ல முடியாது தம்பி. கரண்டு விசயத்துலதான் கொஞ்சம் ஊதாரி. அதுவும் நான் சத்தம் போட்டப்பறம் திருந்திட்டா." அன்றும் நான் தலையை மட்டும் ஆட்டினேன், அக்கா.

இன்று உங்கள் பதினாறாம் நாள். அவரிடம் சொல்லிவிடுவது என்றுதான் பஸ் ஏறினேன். பிளக் என்பது நான் எனக்கே சொல்லிக்கொண்ட சாக்கு. பொட்டை மெதுவாக உரித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். அடுத்த பஸ்ஸில் வந்து, நீங்கள் ஒட்டியது என்று சொல்லி அதை அவர் கையில் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு சொல்ல வேண்டியது வாயில் வராமல், மறுபடியும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.