எல்லாருக்கும் போடு

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

முழங்கால் வலி தேவலையா? என் பாப்பா உன்னிடம் அடம்பிடிக்காமல் சாப்பிடுகிறாளா? எனக்கு இன்று தலைகால் புரியவில்லை. உலகெங்கும் பலர் சேர்ந்து எழுதி இலவசமாகத் தரும் தரவுத்தள மென்பொருளில் ஒரு பிழையைத் திருத்தினேன் என்றேனே, அதை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்!

முதலில், ஊர் முன்னால் அசடு வழிய வேண்டாமென்று, என் திருத்தத்தைச் சரிபார்ப்பவரின் கேள்விகளுக்கு, எல்லாரும் படிக்கும் மடல் குழுவில் போடாமல் அவருக்கு மட்டும் பதில் அனுப்பினேன். அவர் போனில் கூப்பிட்டே விட்டார்.

"ஏங்க, என் காதுல மட்டும் ஓதினா எப்படி? எல்லாருக்கும் போடுங்க. கிழிக்கிறவங்கதான் தைக்கவும் வருவாங்க."

போட்டேன். கிழிகிழியென்று கிழித்தார்கள். நடுவில் மின்சாரம் போனால் பதிவுகள் அழியுமே என்று முகம் தெரியாத ஒருத்தி காட்டினாள். அதற்கு வழியும் அவளே சொன்னாள். இனி அழியாது அம்மா. திருத்தத்தின் கீழே என் பெயர் இருக்கிறது!

பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்ததை அவள் அப்பாவிடம் மட்டும் சொன்னாயாமே. எனக்கும் சொல்லு. என் தூக்கம் கெட்டால் கெடட்டும். அவள் போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றைத் துவைக்காமல் அனுப்பி வை.

கண் சொக்குகிறது. என் பெயர் வந்த சேதியையாவது உனக்குள் பூட்டி வைக்காதே, தெரு முழுக்கச் சொல்லு.

உன் மகள்